கடல் உப்பில் அயோடின் இருக்கா?

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுச் சமையல் உப்பு கடையிலிருந்து வருவதில்லை. சைக்கிளில் மூட்டை கட்டி வருபவரிடம் அம்மா படிக்கணக்கில் கல்லுப்பு வாங்கி ஜாடியில் கொட்டி வைப்பார். பாக்கெட் தூளுப்பு மோருக்கு மட்டும். வளைகாப்பு முடிந்து தங்கச்சி வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த ஜாடி மேல் என் கண் போனது.

"ஏல, இது நம்ம உப்பளத்து உப்புல்லா? கடல்ல இல்லாத அயோடினா?" என்றார் அம்மா.

நியாயமான கேள்வி. நானும் நாற்பது வயசு வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு, வெறும் 50, 60 மைக்ரோகிராம் அயோடின். அது அப்படியே உப்பில் தங்கினாலும் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராம்கூடத் தேறாது. நிஜத்தில் அதுவும் தங்காது; பாத்தியில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு பெரும்பகுதி போய்விடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேணும், கர்ப்பிணிக்கு 250. நாம் தின்பது 10 கிராம் உப்பு என்று வைத்தாலும் 20 தாண்டாது. மீனில் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் அது மீனுக்கு மீன் மாறும்.

சட்டம் கேட்பது இதைத்தான்: தயாரிக்கும் இடத்தில் 30 பி.பி.எம்., நுகர்வோர் கைக்கு வரும்போது 15. பத்து கிராம் உப்பில் 15 பி.பி.எம். என்றால் சரியாக 150 மைக்ரோகிராம். அந்த எண்கள் சும்மா வந்ததில்லை.

இதன் வேர் இமயமலை அடிவாரத்தில் இருக்கிறது. 1956இல் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் உப்பு தின்ற ஊர்களில் கழுத்துக்கழலை மளமளவென்று குறைந்தது. 1962இல் தேசியத் திட்டம் வந்தது. கழலையை விடப் பெரிய கவலை வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி என்பது பிற்பாடு தெளிவானது; 1992இல் திட்டத்தின் பெயரே 'அயோடின் குறைபாட்டு நோய்கள்' என்று மாறியது.

அப்புறம் நடந்தது ஒரு கண்ணாமூச்சி. அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 1998இல் நாடு முழுக்கத் தடை. 2000இல் மத்திய அரசே அதை நீக்கியது. 2006 மே மாதம் மறுபடி தடை. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. வாட்ஸ்அப்பில் இதைத்தான் 'கோர்ட்டே அயோடின் உப்பு வேண்டாம்னு சொல்லிடுச்சு' என்று சுற்றவிடுகிறார்கள். கோர்ட் சொன்னது வேறு: கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் இப்படி ஒரு விதி போட அதிகாரம் இல்லை. உடனே நிறுத்தினால் குழப்பம் வரும் என்று ஆறு மாதம் தொடரவும் அனுமதித்தது. அதற்குள் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒழுங்குமுறைகள் நடைமுறைக்கு வந்து, அதே கட்டுப்பாடு அங்கே ஏறிக்கொண்டது.

சட்டத்தில் ஓட்டை இல்லாமலா? தொழிற்சாலைக்கும், கால்நடைக்கும், பதப்படுத்தவும் சாதா உப்பு விற்கலாம். விற்கத்தான் வேணும், நம்ம ஊரில் கருவாடு போட, ரசாயன ஆலைக்கு எல்லாம் அதுதான் போகிறது. ஆனால் வேப்பலோடையிலோ ஆறுமுகநேரியிலோ கிளம்பிய மூட்டை எங்கே பிரிகிறது என்று யார் பார்க்கிறார்கள்? 2018–19 இந்திய அயோடின் ஆய்வில் போதிய அயோடின் உள்ள உப்பு வைத்திருந்த வீடுகள் நாட்டளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9, எல்லா மாநிலங்களிலும் கடைசி. உப்பு விளையும் மாநிலத்தின் லட்சணம் இது. தெருவில் விற்பவரைப் பிடிப்பதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து. அளத்திலேயே சின்ன உற்பத்தியாளருக்கு அயோடின் தெளிக்கும் வசதியை அரசு செய்து கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சுகாதாரத் துறையில் இருக்கும் நண்பரிடம் பரிசோதனைக் கிட் வாங்கி வந்தேன். பாக்கெட் உப்பில் ஒரு சொட்டு விட்டதும் கருநீலம். ஜாடி உப்பில் விட்டேன்; வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை விடச் சொன்னார். விட்டேன்.

இப்போது குழம்புக்கு அயோடின் சேர்த்த கல்லுப்பு பாக்கெட்டில் வருகிறது. சைக்கிள்காரரிடமும் அரைப்படி வாங்குகிறார். "பாவம், வெயில்ல வாரான். மீன் அலசுததுக்கு ஆகும்."