முதுமையில் உறக்கமும் ஆயுளும்

வயது முதிர முதிர உறக்கத்தின் தேவை குறைந்துவிடும் என்னும் கருத்து மக்களிடையே பரவியுள்ளது. இது முற்றிலும் சரியன்று. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்க்கும் நாள்தோறும் ஏழு அல்லது எட்டு மணி நேர உறக்கம் வேண்டும். குறைவது தேவையன்று, இடையறாது ஆழ்ந்து உறங்கும் ஆற்றலே ஆகும்.

உறக்கத்தை இரண்டு காரணங்கள் ஆளுகின்றன. விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைப்பது ஒன்று. கண் வழியே வரும் ஒளியால் இரவையும் பகலையும் அறிந்து, உறங்கும் வேளையைக் குறிக்கும் மூளைக் கடிகாரம் மற்றொன்று. முதுமையில் இக்கடிகாரம் சற்று முந்துவதால், முன்னிரவில் கண் சொக்குவதும் விடியுமுன் விழிப்பதும் இயல்பே.

ஆயுளைப் பற்றிய ஆய்வுகள் கூறுவது யாது? பதினொரு லட்சம் அமெரிக்கரைப் பற்றி 2002-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஏழு மணி நேரம் உறங்குவோரிடையே இறப்பு விகிதம் மிகக் குறைவாயிருந்தது. அதனினும் குறைவாகவோ மிகுதியாகவோ உறங்குவோரிடையே அது கூடியிருந்தது. எனினும் மிகு உறக்கமே ஆயுளைக் குறைக்கிறது என்று முடிவு செய்யலாகாது. அது மறைந்துள்ள நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். பிரிட்டனில் அறுபதாயிரம் பேரிடம் நடத்தி 2024-இல் வெளியிடப்பட்ட ஆய்வோ, உறக்கத்தின் அளவைவிட அதன் ஒழுங்கே ஆயுளோடு நெருங்கிய தொடர்புடையது எனக் காட்டிற்று.

கோலார் தங்கவயலில் இச்செய்திக்குத் தனிச் சிறப்பு உண்டு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை, அங்குள்ள தமிழ்த் தொழிலாளர் பலர் ஷிப்டு முறையில் இரவிலும் பகலிலும் உழைத்தவர்கள். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் முதலிய இடங்களில் வாழும் முதியவர் ஒருவர் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்தால், "ஷிப்டுப் பழக்கம், வயதும் ஆயிற்று" என்று வீட்டார் விட்டுவிடக்கூடும். இங்குதான் எச்சரிக்கை வேண்டும். பாறைத்தூளைச் சுவாசித்தவர்க்கு உண்டாகும் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய், வேலையை விட்டுப் பல்லாண்டுகள் ஆன பின்னும் முற்றக்கூடியது. அவரை எழுப்புவது பழக்கமன்று, இருமலும் மூச்சுத்திணறலுமாக இருக்கலாம். அத்தகையோர் மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை உட்கொள்வது, மூச்சை மேலும் தளர்த்தி ஆபத்தை விளைவிக்கும்.

எனவே களப்பணியாளர்கள் முதியோரைக் காணுங்கால், "எவ்வளவு நேரம் உறங்குகிறீர்கள்?" என்பதோடு நில்லாமல், "எதனால் விழிக்கிறீர்கள்?" என்றும் கேட்டறிதல் நலம். இருமல், மூச்சிரைப்பு, அடிக்கடி சிறுநீர் கழித்தல், குறட்டையினிடையே மூச்சு நின்றுபோதல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

பிறர்க்கு எளிய பழக்கங்களே பயன் தரும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், காலை வெயிலில் சிறிது நடத்தல், பகலுறக்கத்தை அரைமணிக்குள் நிறுத்துதல், பிற்பகலுக்குப் பின் காப்பி, தேநீர் தவிர்த்தல் ஆகியவற்றை ஆசிரியர்கள் மாணவர் வாயிலாக வீடுகளுக்கு எட்டச் செய்யலாம். பாட்டனாரின் இரவு இருமலை முதலில் கேட்பவர்கள் பெரும்பாலும் அருகில் படுத்துறங்கும் பேரப்பிள்ளைகளே என்பதை நினைவிற் கொள்க.