கடன் கொடுக்கக் கற்கும் பிள்ளைகள்!
பாங்கியில் இரண்டு மாதப் பயிற்சி: பயன் பெறுவது எப்படி?

பாங்கியில் இருக்கும் பணம் யாருடையது?

பாங்கியின் பணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால், அது ஊராரின் பணம். மகள் கல்யாணத்துக்காகத் தாய் சேர்த்த பணம். பென்ஷன் வாங்கும் பெரியவர் போட்டு வைத்த பணம். அதைத்தான் பாங்கி கடனாகக் கொடுக்கிறது.

வாங்கியவர் திருப்பித் தராவிட்டால்?

அந்த ஆபத்தை முன்கூட்டியே கணக்கிடப் பெரிய பாங்கிகளில் தனி இலாகா உண்டு. கல்லூரி மாணவர்கள் சிலர் அங்கே இரண்டு மாதம் பயிற்சிக்குப் போகிறார்கள். "இன்டர்ன்ஷிப்" என்று அதற்குப் பெயர்.

நற்சாட்சிப் பத்திரத்தோடு மட்டும் திரும்புகிறவர்கள் உண்டு. தொழிலைக் கற்றுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

சென்னை கண்ட பாடம்

இந்தத் தொழில் எவ்வளவு முக்கியம் என்பதைச் சென்னை நகரம் 1906-ம் ஆண்டிலேயே கண்டது.

அப்போது இங்கே அர்பத்நாட் கம்பெனி என்ற பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி இருந்தது. அதன் பெயரை நம்பி ஏராளமானோர் பணம் போட்டிருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் மாதம் கம்பெனி திவாலானது. போட்ட பணம் முடங்கியது. எத்தனையோ குடும்பங்கள் கண்ணீர் வடித்தன. கம்பெனித் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார்.

மறு ஆண்டு, 1907-ல், சென்னைப் பிரமுகர்கள் முயற்சியால் இந்தியன் பாங்கி பிறந்தது.

பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்கக் கூடாது. கணக்கைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இதுதான் பாடம்.

ஒரே ஒரு மனு போதும்

பயிற்சிக்குப் போகும் பிள்ளை நூறு காகிதங்களைப் புரட்ட வேண்டியதில்லை. அதிகாரியின் அனுமதியோடு ஒரே ஒரு கடன் மனுவை எடுத்து, முதலிலிருந்து முடிவு வரை பின்தொடர்ந்தால் போதும்.

அதில் ஐந்து கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்.

கேட்பவர் நாணயமானவரா? கட்டும் சக்தி உண்டா? சொந்த முதல் எவ்வளவு? ஈடு என்ன? அந்தத் தொழிலுக்கு இப்போது காலம் எப்படி?

ஒரு மளிகைக் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 40,000 ரூபாய். வீட்டுச் செலவு 25,000. பழைய கடன் தவணை 8,000. மிச்சம் 7,000. புதுக் கடனுக்குத் தவணை 10,000 என்றால் அவர் எப்படிக் கட்டுவார்? நல்லவர்தான். ஆனாலும், தவணைக்கு மாதம் 3,000 ரூபாய் துண்டு விழும்!

அவருக்குத் தேவை மறுப்பு அல்ல. சிறிய கடன், அல்லது நீண்ட தவணை. இதைக் கண்டு சொல்வதுதான் திறமை.

எளிய கணக்கு

நூறு பேருக்குத் தலைக்கு ஒரு லட்சம் கடன் கொடுத்தால், மொத்தம் ஒரு கோடி. அவர்களில் இரண்டு பேர் கட்டவில்லை. ஈட்டை விற்றதில் அவர்களுடைய கடனில் பாதி திரும்புகிறது. பாங்கிக்கு நஷ்டம் ஒரு லட்சம். கடன் கொடுக்கும்போதே இந்த நஷ்டத்தை எதிர்பார்த்து வைப்பதுதான் இந்த இலாகாவின் வேலை. கம்ப்யூட்டர் போடும் பெரிய கணக்குக்கும் அடிப்படை இதுவே.

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால், அது வாராக்கடன் கணக்கில் சேரும். அதற்கு முன்பே அறிகுறி தெரியும். கணக்கில் வரவு குறையும். செக் திரும்பும். கடையில் சரக்கு குறையும். அதிகாரி கடையைப் பார்வையிடப் போகும்போது, அனுமதி கேட்டுக் கூடவே போவது நல்லது. காகிதத்தில் இருக்கும் சரக்கு கடையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம்!

மார்க் இல்லாதவர்

"சிபில்" மார்க் 300 முதல் 900 வரை உண்டு. கூடினால் நல்லது. ஆனால், இதுவரை கடனே வாங்காதவருக்கு மார்க் இராது. மார்க் இல்லாததால் அவர் நாணயம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார். அவருடைய வரவு செலவை விசாரித்துப் பார்க்க வேண்டும்.

வாய்ப்பூட்டு வேண்டும்

பாங்கியில் கண்டதை வெளியே பேசக் கூடாது. காகிதங்களைப் படம் எடுக்கவும் கூடாது. அடுத்த வீட்டுக்காரரின் கடன் விவரம் கண்ணில் பட்டாலும், அது அங்கேயே நிற்க வேண்டும்.

கடைசி நாளில் பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்: "இந்த மனுவுக்கு ஏன் கடன் கொடுத்தார்கள்? அல்லது ஏன் மறுத்தார்கள்? வீட்டில் அம்மாவுக்குப் புரியும்படி, ஊர் பேர் சொல்லாமல், என்னால் விளக்க முடியுமா?"

முடியும் என்றால், இரண்டு மாதமும் வீண் போகவில்லை.

ஏனெனில், பாங்கியில் இருப்பது அந்த அம்மா சேர்த்த பணம்தான்!