ரயில் ஓடிய தடத்தில் சைக்கிள்

மலை நாட்டில் சைக்கிள் ஓட்டுவதென்றால் இரண்டு பயம் உண்டு. ஒன்று, நெஞ்சை அடைக்கும் ஏற்றம். இன்னொன்று, கொண்டை ஊசி வளைவில் முதுகுக்குப் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் லாரி. முதலாவதைக் காலும் மூச்சும் பழகப் பழகச் சமாளித்துவிடலாம். இரண்டாவதற்குப் பழக்கம் மருந்தாகாது. எத்தனை வருடம் ஓட்டினாலும் அந்த ஹார்ன் சத்தத்துக்குத் தோள் தானாகச் சுருங்கும். குழந்தையைப் பக்கத்தில் ஓட்டவிட்டு வருகிறவர்களுக்கு அந்தச் சுருக்கம் வயிற்றிலேயே இருக்கும்.

நியூஸிலாந்தின் தெற்குத் தீவில், சென்ட்ரல் ஒட்டாகோ என்னும் மலைப் பகுதியில் இந்த இரண்டு பயமும் இல்லாத பாதை ஒன்று இருக்கிறது. கிளைட் என்ற சிற்றூரில் தொடங்கி மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர். வழி நெடுகச் சரளைதான். கார், மோட்டார் பைக் எதற்கும் இடமில்லை. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், குதிரையில் போகலாம். 'ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் ட்ரெயில்' என்று பெயர். பெயரிலேயே கதை இருக்கிறது. இது ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம்.

ரயில் போன தடம் என்பதால்தான் ஏற்றமும் பயமுறுத்துவதில்லை. இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம். சரிவு கூடினால் சக்கரம் வழுக்கும், இஞ்சின் நின்ற இடத்திலேயே சுழலும். அதனால் அன்றைய பொறியாளர்கள் இந்தத் தடத்தில் ஐம்பதுக்கு ஒன்றுக்கு மேல் ஏற்றம் வைக்கவில்லை. அதாவது 50 மீட்டர் ஓடினால் 1 மீட்டர்தான் உயரம். சாட்டோ கிரீக் தாண்டி டைகர் ஹில் என்று ஒரு மேடு வருகிறது. சாலை போட்டவர்களாக இருந்தால் நேராக ஏறியிருப்பார்கள். ரயில்காரர்கள் மேட்டைச் சுற்றி நீண்ட வளைவு போட்டு, தூரத்தைக் கூட்டி உயரத்தைப் பங்கு போட்டார்கள். அன்று நிலக்கரி இஞ்சினுக்காகப் போட்ட கணக்கு இன்று எழுபது வயதுக்காரர் முழங்காலைக் காப்பாற்றுகிறது. பாதையின் மிக உயரமான இடம் கடல் மட்டத்துக்கு மேல் 618 மீட்டர். அங்கே போய்ச் சேர்ந்ததே பலருக்குத் தெரிவதில்லை; பெயர்ப்பலகை சொன்னால்தான் தெரியும்.

இந்த நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களைத் தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர் தடுத்து, அந்தப் பக்கமே கொட்டவைத்துவிடுகிறது. இந்தப் பக்கம் அலெக்ஸாண்ட்ரா என்ற ஊரின் சுற்றுவட்டாரத்தில் வருடத்துக்கு 400 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவில் வாழ்கிறவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மரம் குறைவு. வெயிலில் வெளுத்த புல், அதிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் பலகைப் பலகையான ஷிஸ்ட் பாறைகள். வசந்தத்தில், அதாவது அக்டோபர், நவம்பரில், அலெக்ஸாண்ட்ராவின் குன்றுகள் ஊதா நிறமாகிவிடும். தைம் என்ற மூலிகைச் செடி பூக்கும் காலம் அது. தங்கம் தேடி வந்தவர்கள் சமையலுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். இன்று காடாகப் பரந்து கிடக்கிறது. பாதையோரத்தில் சைக்கிளை நிறுத்தும்போது காலடியில் ஒரு கொத்து மிதிபட்டாலே போதும், அந்தக் காட்டமான வாசனை வெகு தூரம் கூடவே வரும்.

ரயில் பாதை போடும் வேலை 1879இல் தொடங்கியது. மிடில்மார்ச்சை எட்டியது 1891இல். கிளைடுக்கு ரயில் வந்தது 1907இல். கிராமம் கிராமமாக ஊர்ந்து ஊர்ந்து வந்த பாதை இது. ஆட்டு ரோமம், பழங்கள், கால்நடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் இதில்தான் டனீடன் நகரத்துக்குப் போனது. பிறகு லாரி வந்தது, சாலை நல்லதானது, ரயிலுக்குச் சரக்கு குறைந்தது. கடைசிக் காலத்தில் கிளைடில் கட்டப்பட்ட பெரிய அணைக்குச் சாமான் சுமந்ததுதான் அதன் பிழைப்பு. அந்தச் சுமை வேலை ஓய்ந்ததும் 1990இல் ரயிலும் நின்றது. தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள்.

மூடிய ரயில் பாதைகளுக்கு உலகெங்கும் நேர்வது இந்த இடத்தில்தான் நேர்ந்திருக்கும். ஒரு துண்டைப் பக்கத்து நிலக்காரர் வாங்குவார், ஒரு துண்டில் வேலி விழும், ஒரு பாலத்தை இடித்துப் பழைய இரும்புக்குப் போடுவார்கள். ஐந்து வருடத்தில் தடம் காணாமல் போகும். நீண்ட பாதையின் மதிப்பு அதன் நீளத்தில் இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு கிலோமீட்டர் போனால்கூட மிச்சம் வெறும் துண்டு நிலங்கள்தான். அதை ஒன்று சேர்க்க எந்த அரசிடமும் பணம் இருக்காது. இங்கே நியூஸிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 1993இல் கிளைடிலிருந்து மிடில்மார்ச் வரை உள்ள தடத்தை முழுசாக வாங்கியது. இந்தப் பாதையின் சரித்திரத்தில் நான் பெரிதாக மதிப்பது இந்த ஒரு முடிவைத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்த உழைப்பு.

உழைப்பும் லேசானதல்ல. தண்டவாளத்தை எடுத்த பிறகு மிஞ்சியது கைப்பிடி அளவுக் கருங்கல் ஜல்லி. அதன் மேல் சைக்கிள் ஓட்ட முடியாது. சக்கரம் புதையும், கல் உருளும். ஆனால் மழைத் தண்ணீரை நிற்கவிடாமல் வடிப்பதற்கு அதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. அதன் மேல் பொடிச் சரளை பரப்பி அழுத்தினார்கள். கட்டைகளுக்கு நடுவே ஆறு தெரிந்துகொண்டிருந்த பாலங்களுக்குப் பலகை அடித்துக் கைப்பிடி வைத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் 1994இல் ஒரு அறக்கட்டளை அமைத்துப் பணம் திரட்டினார்கள். எதிர்ப்பும் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் நிலத்தை ஒட்டிப் போவார்கள், கதவைத் திறந்து போடுவார்கள், ஆடுகள் கலைந்துவிடும் என்று விவசாயிகள் பயந்தார்கள். நியாயமான பயம்தான். பாதை 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் முழுதாகத் திறந்தது. கொஞ்ச காலத்தில் பழைய ரோமம் வெட்டும் ஆட்களின் கொட்டகைகளும் பண்ணை வீட்டு அறைகளும் தங்கும் விடுதிகளாக மாறின. மூடப் போன டீக்கடைகளில் மறுபடியும் அடுப்பு எரிந்தது. சைக்கிளில் வருகிறவருக்குப் பசி அதிகம், வேகம் குறைவு. காரில் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும் ஊரில் அவர் ஒரு இரவு தங்குவார்.

பாதையின் அழகான பகுதி லாடர், ஓட்டுரெஹுவா என்ற ஊர்களுக்கு நடுவே உள்ள பூல்பர்ன் மலையிடுக்கு. மேலிருந்து பார்த்தால் மனுஹெரிகியா சமவெளி முழுவதும் கீழே விரிந்து கிடக்கிறது. ஷிஸ்ட் கல்லைக் கட்டி எழுப்பிய தூண்களின் மேல் 37 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம். அடுத்தடுத்து இரண்டு சுரங்கங்கள், ஒவ்வொன்றும் 200 மீட்டருக்கு மேல். உள்ளே விளக்கு கிடையாது. வாய் அருகே வெயில் கொளுத்தும். பத்து அடி உள்ளே போனால் குளிர் முகத்தில் அறையும். டார்ச் வெளிச்சம் காட்டும் வட்டத்துக்குள் மட்டும் சரளை தெரியும், டயரின் நறநறப்பு சுவரில் பட்டுத் திரும்பி இரண்டு மடங்காகக் கேட்கும். இங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் நல்லது. பாறையை மனிதர்கள் என்ன பாடுபட்டுக் குடைந்தார்கள் என்பது நடக்கிற வேகத்தில்தான் தெரியும்.

ஓட்டுரெஹுவாவில் ஹேய்ஸ் பட்டறை இருக்கிறது. எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895இல் தொடங்கியது. வேலிக் கம்பியை இழுத்து முறுக்கும் கருவி 1924இல் இங்கேதான் பிறந்தது. அதன் வழி வந்த கருவிகள் இன்றும் பண்ணைகளில் புழங்குகின்றன. எனக்குப் பட்டறையைவிட முக்கியம் அவர் மனைவி ஹன்னா. கணவர் செய்த கருவிகளை விற்க, பண்ணை பண்ணையாக அவர் சைக்கிளில் போனார். அந்தக் காலத்துச் சைக்கிள், நீளப் பாவாடை, தார் பார்க்காத மலைச் சாலை, நாட்கணக்கில் பயணம். சரளையில் சைக்கிள் ஓட்டுவது ஏதோ இப்போது வந்த மோகம் என்று விளம்பரங்கள் சொல்லும்போது எனக்கு ஹன்னாதான் நினைவுக்கு வருவார். பட்டறை இன்று பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சின்னம். பாதையில் போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

அடுத்து வெடர்பர்ன். அங்குள்ள பச்சை நிறச் சரக்குக் கொட்டகையை ஓவியர் கிரஹாம் சிட்னி 1975இல் வரைந்தார். அந்த ஓவியம் நாடறிந்தது. ரயில் நின்ற பிறகு இடம் மாறிப் போன கொட்டகையை ஊர்க்காரர்கள் திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தார்கள். ரான்ஃபர்லியில் சாப்பிட்டுத் தூங்கலாம்.

ஹைட் என்ற ஊருக்கு அருகே பாதை ஒரு துயரமான இடத்தை ஒட்டிப் போகிறது. 1943 ஜூன் 4 அன்று டனீடன் நோக்கி வந்த விரைவு ரயில், மலையை வெட்டிப் போட்ட வளைவில் தடம் புரண்டது. 113 பயணிகளில் 21 பேர் இறந்தார்கள். மணிக்கு 48 கிலோமீட்டரில் எடுக்க வேண்டிய வளைவை ரயில் அதைப்போல இரு மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் எடுத்தது. நினைவுக் கற்குவியல் ஒன்று இருக்கிறது. அங்கே எல்லோரும் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள்.

தடத்தை முழுசாக வைத்திருந்ததன் அருமை கிளைடுக்கு மறுபக்கம் போனால் விளங்கும். ரயில் ஒரு காலத்தில் கிளைடைத் தாண்டி குரோம்வெல் என்ற ஊர் வரை ஓடியது. அந்தத் துண்டு 1990களின் தொடக்கத்தில் அணை நீர் நிரம்பியபோது டன்ஸ்டன் ஏரிக்கு அடியில் போயிற்று. அதே மலையிடுக்கு வழியாக சைக்கிள் பாதை ஒன்றை 2021இல் திறந்தார்கள். செங்குத்துப் பாறையில் இரும்பு அடித்து, தண்ணீருக்கு மேலே தொங்கும் பலகைப் பாதையாக அதைக் கட்ட வேண்டியிருந்தது. காட்சி பிரமாதம், சந்தேகமில்லை. ஆனால் குறுகலான வளைவுகள், திடீர் ஏற்றங்கள், ஒரு பக்கம் பள்ளம். சின்னப் பிள்ளைகளோடும் முதல் தடவை ஓட்டுகிறவர்களோடும் அங்கே போக மாட்டேன். ரயில் தடத்தில் அந்தக் கவலை கிடையாது.

போக நினைப்பவர்களுக்கு: ஒல்லி டயர் வேண்டாம். 40 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கட்டும், காற்றும் கொஞ்சம் குறைவாக. சைக்கிள் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், பெட்டியை அடுத்த ஊருக்கு வேனில் அனுப்பிவிடலாம். மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று சொல்வார்கள். நான்கைந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரல் நல்ல காலம். ஜூன், ஜூலையில் போகாதீர்கள். ரான்ஃபர்லியில் 1903 ஜூலையில் மைனஸ் 25.6 டிகிரி பதிவாகியிருக்கிறது. டார்ச்சைப் பெட்டியில் போட்டு வேனில் அனுப்பிவிடாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வரும் பண்ணைக் கதவுகளை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விட்டுச் செல்லுங்கள். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி.