பதக்கம் பிறகு, பாதுகாப்பு முதலில்!

தோழர்களே! துகாராம் ஓம்ப்ளே என்ற பெயரை நெஞ்சிலே எழுதி வையுங்கள்.

மும்பைப் போலீசில் உதவி சப்-இன்ஸ்பெக்டர். 2008 நவம்பர் 26 நள்ளிரவு, கிர்காம் சௌபாத்தி சாலையிலே, அவர் கையில் இருந்தது தடி. எதிரி கையில் இருந்ததோ ஏ.கே. 47! துப்பாக்கிக் குழலைக் கைகளால் பற்றினார், குண்டுகள் உடலைத் துளைத்தன, பிடி தளரவில்லை. அவர் மாண்டார், கொலைகாரன் உயிரோடு சிக்கினான். 2009-இல் அசோகச் சக்கரம் வழங்கினர். வாழ்க அந்த வீரம்! ஆனால் கேட்கிறோம்: பதக்கம் தரத் தெரிந்தவர்களுக்குத் தகுந்த ஆயுதம் தரத் தெரியாமற்போனது ஏன்?

ஆபத்து வரும் வழி அறியாததா? 1993-இல் 257 பேரைப் பலிகொண்ட மும்பைக் குண்டுகளுக்கான வெடிமருந்து, கடல் வழியாகத்தான் கரையேறிற்று. 2005-இல் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் தீட்டினர்: 73 காவல் நிலையங்கள், 204 படகுகள்! ஆண்டுகள் மூன்று ஓடின. படகுகள் முழுமையாக வந்து சேருமுன், பத்துப் பேர் மீன்பிடிப் படகொன்றைக் கடத்தி, அதே கடல் வழியே வந்து சேர்ந்தனர். கரையிலே அவர்களைப் பார்த்து "யார் நீங்கள்?" என்று கேட்டவர்கள், மாதச் சம்பளம் வாங்கும் காவலர்களல்லர், மீனவ மக்கள்!

ரயில் மட்டும் என்ன? 2006 ஜூலை 11 மாலை, வீடு திரும்பும் வேளையிலே, மும்பைப் புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்தன. 180-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பிறகும் 2008-இல் சத்திரபதி சிவாஜி ரயில் நிலையக் காவலர்களிடம் இருந்தவை, பழைய துப்பாக்கிகளும் தடிகளும்தான்! உலகம் மாளிகை போன்ற ஓட்டல்களைப் பற்றியே பேசிற்று. அன்று அதிகம் பேர் மாண்ட இடமோ, மூட்டை முடிச்சுகளோடு ஏழை எளியோர் காத்திருந்த அந்த ரயில் நிலையம்!

விமானப் பயணிக்குத் தலை முதல் கால் வரை சோதனை. நல்லது, நடக்கட்டும். பல லட்சம் பேர் முண்டியடித்து ஏறும் புறநகர் ரயிலிலே அது நடவாது; ஒப்புகிறோம். ஆகவேதான் சொல்கிறோம்: பயிற்சி பெற்ற ஆட்கள், பழுதில்லாத காமிராக்கள், கையிலே நல்ல ஆயுதம், கடலிலே படகு, படகுக்கு டீசல், அதை ஓட்ட ஆள். இவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குங்கள். ஒதுக்கிய பணத்தைக் காலத்தே செலவிடுங்கள்!

நிதியில்லை என்பார்கள். மாண்டவர் குடும்பங்களுக்கு உதவித்தொகை தர நிதி கிடைக்கிறதே! சாவுக்குப் பின் திறக்கும் பெட்டகத்தை, சாவுக்கு முன்னே திறக்கச் சொல்கிறோம்.

உழைத்துக் களைத்தவன் மாலையிலே உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அதைவிட அவசரச் செலவு அரசுக்கு வேறென்ன இருக்கிறது?