பிஸ்டன் பின் பொருத்துதல்

பிஸ்டன் பின் என்பது எஞ்சினின் பிஸ்டனையும் கனெக்டிங் ராடு எனப்படும் இணைப்புத் தண்டையும் இணைக்கும் உருளை வடிவ எஃகு ஊசி ஆகும். பிரித்தானிய எஞ்சின் கையேடுகளில் இதற்குக் கட்ஜன் பின் என்று பெயர். எடையைக் குறைப்பதற்காக உள்ளே குழலாகவும், தேய்மானத்தைத் தாங்குவதற்காக மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்டும் இது செய்யப்படுகிறது. பழைய எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது மிகுந்த கவனத்துடன் செய்ய வேண்டிய வேலைகளுள் இதைப் பொருத்துவதும் ஒன்று.

பின் தாங்கும் சுமை

1955 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்டு வந்த என்ஃபீல்டு புல்லட் 350 வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ. எனவே பிஸ்டன் தலையின் பரப்பு சுமார் 38.5 சதுர செ.மீ. எரிபொருள் வெடிக்கும் கணத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 30 கிலோ அழுத்தம் ஏற்படுவதாகக் கொண்டால், பின்னின் மீது இறங்கும் விசை 1,150 கிலோவைத் தாண்டும். நிமிடத்திற்கு 3,000 சுற்று வேகத்தில் பிஸ்டன் நொடிக்கு 50 முறை மேலே சென்று கீழே வருகிறது. இத்தனை விசையும் விரல் பருமனுள்ள ஓர் ஊசியின் வழியாகவே ராடுக்குச் செல்கிறது.

ஆகவே பின்னுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ராடு இருபுறமும் சாய்ந்து ஆடுவதற்கு ஏற்ப இணைப்பு தடையின்றித் திரும்ப வேண்டும். அதே சமயம் பின் பக்கவாட்டில் சிறிதும் நகரக்கூடாது. நகர்ந்தால் அதன் முனை சிலிண்டர் சுவரை உரசி, நீளவாக்கில் ஆழமான கோடு கிழித்துவிடும்.

மூன்று முறைகள்

1. மிதக்கும் பின். பிஸ்டனிலும் ராடிலும் பின் சுழலும். ராடின் சிறு முனையில் வெண்கலப் புஷ் இருக்கும். பிஸ்டன் துளையின் இரு ஓரங்களிலும் உள்ள காடிகளில் சர்க்லிப் எனப்படும் வில்வளையங்கள் பின்னைத் தடுத்து நிறுத்தும். புல்லட் இவ்வகை.

2. இறுக்கிப் பிடிக்கும் பின். ராடின் சிறு முனை பிளவுபட்டிருக்கும். ஒரு போல்ட் அப்பிளவை இறுக்கிப் பின்னைக் கவ்விக்கொள்ளும். பின் பிஸ்டனில் மட்டும் சுழலும். அம்பாசடர் காரில் இருந்த 1489 சி.சி. பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின் இவ்வகை.

3. அழுத்திப் பொருத்தும் பின். பின்னின் விட்டம் ராடின் துளையைவிடச் சற்றுப் பெரிது. அந்த இறுக்கமே பின்னை நிறுத்துகிறது. போல்ட்டோ வளையமோ இல்லை. மினி காரின் 1275 சி.சி. எஞ்சினில் இதைக் காணலாம்.

எந்த எஞ்சினில் எந்த முறை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு முறைக்குரிய செயல் மற்றொன்றில் பகுதியையே கெடுத்துவிடும்.

சோதித்தலும் அளத்தலும்

பழைய பின்னைத் துடைத்து, நகத்தால் நீளவாக்கில் வருடிப் பார்க்க வேண்டும். படி போல் நகம் தட்டினால் அந்தப் பின் உதவாது. பின்னர் மைக்ரோமீட்டரால் நடுவிலும் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் 90 பாகை திருப்பி மறுமுறை அளந்தால் பின் ஒருபக்கமாகத் தேய்ந்திருப்பதும் தெரியவரும்.

மிதக்கும் பின்னில் புஷ் தேய்ந்திருந்தால் அதை அழுத்தி வெளியேற்றிப் புதியது செலுத்தப்படும். புதிய புஷ்ஷின் எண்ணெய்த் துளை, ராடின் எண்ணெய்த் துளைக்கு நேராக இருக்க வேண்டும். ராடுக்குள் அழுத்தும்போது புஷ் சற்றுச் சுருங்கும். எனவே பொருத்திய பிறகே ரீமர் அல்லது ஹோனிங் கருவியால் துளையை இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். புஷ்ஷுக்கும் பின்னுக்கும் இடையே பொதுவாக மில்லிமீட்டரில் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்கு இடைவெளியே விடப்படும். துல்லியமான அளவை அந்தந்த எஞ்சினின் கையேட்டில் பார்க்க வேண்டும். எண்ணெய் தடவிய பின், பெருவிரலால் தள்ளினால் செல்ல வேண்டும். தன் எடையால் தானே விழக்கூடாது.

ரீமர் சாய்ந்தால் துளையும் சாயும். எனவே ராடின் இரு துளைகளும் இணையாக உள்ளனவா என்று சோதிப்பது அவசியம். இரண்டிலும் நீளமான நேர்க்கம்பிகளைச் செருகி, அவற்றின் இரு முனைகளிலும் இடைத்தூரத்தை அளந்தால் வளைவு தெரியும். வளைந்த ராடு பிஸ்டனைச் சிலிண்டரின் ஒரு பக்கமாகவே தள்ளிக்கொண்டிருக்கும்.

சுத்தியலுக்குப் பதில் வெப்பம்

பின்னைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் இறக்குவதும் பட்டறைகளில் காணப்படும் பழக்கம். ராடுக்குப் பக்கவாட்டில் தாங்கல் கிடையாது. ஒவ்வோர் அடியும் அதை வளைக்கக்கூடும். வெப்பத்தைப் பயன்படுத்தினால் அடிக்க வேண்டிய தேவையே இராது.

பிஸ்டன் செய்யப்படும் அலுமினியக் கலவை, ஒரு டிகிரி வெப்பம் கூடினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 20 பங்கு விரியும். பிஸ்டனை 30 டிகிரியிலிருந்து கொதிநீரின் 100 டிகிரிக்குச் சூடாக்கினால், 20 மி.மீ. துளை ஏறக்குறைய 0.03 மி.மீ. பெரிதாகும். குளிர்ந்த பின் விரலாலேயே உள்ளே போய்விடும். பிறகு நீர்ப்பசை இல்லாமல் துடைத்து எண்ணெய் இடவேண்டும். கழற்றும்போது, பின்னின் உள்துளை வழியே நீண்ட போல்ட்டைச் செலுத்தி இழுக்கும் கருவி பாதுகாப்பானது.

அழுத்திப் பொருத்தும் பின்னுக்கு ராடின் சிறு முனை 200 டிகிரிக்கும் மேல் சூடாக்கப்படுகிறது. பின் சில நொடிகளில் இறுகிவிடும். அதற்குள் சரியான இடத்தில் நிற்க வேண்டும். இதற்கு நிறுத்து அளவுக் கருவி தேவை. அது இல்லாதவர்கள் இவ்வேலையைத் தேர்ந்த பட்டறையிடம் விடுவதே நல்லது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

இறுக்கிப் பிடிக்கும் வகையில், பின்னின் நடுவிலுள்ள காடி போல்ட்டுக்கு நேராக வந்தால்தான் போல்ட் உள்ளே செல்லும். போல்ட்டை முறுக்கும்போது ராடையோ பிஸ்டனையோ வைஸில் பிடிக்கக்கூடாது. முறுக்குவிசை ராடைத் திருகிவிடும். பின்னின் இரு முனைகளிலும் கட்டைகளைச் செருகி, அவற்றையே வைஸில் பிடிக்க வேண்டும்.

மிதக்கும் வகையில், பழைய சர்க்லிப்பை மறுபடி பயன்படுத்தக்கூடாது. ஒருமுறை கழற்றியது வில்விசையை இழந்திருக்கும். புதியதன் வாய்ப்பகுதி மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருக்கலாம். பக்கவாட்டில் இருந்தால், பிஸ்டன் திசை மாறும் ஒவ்வொரு முறையும் வளையத்தின் கைகள் ஒடுங்கிக் காடியை விட்டு வெளியேற வாய்ப்பு உண்டு. மாட்டிய பின் வளையத்தைச் சற்றுத் திருப்பிப் பார்த்து, அது முழுவதும் காடிக்குள் அமர்ந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும். அதற்கு முன்பே கிராங்க் அறையின் வாயைத் துணியால் மூடிவிட வேண்டும். தவறி உள்ளே விழும் ஒரு வளையத்தை எடுக்க எஞ்சினையே மீண்டும் பிரிக்க நேரிடலாம்.

பிஸ்டனின் திசையும் முக்கியம். பல எஞ்சின்களில் பின் துளை நடுக்கோட்டிலிருந்து சற்று விலகியிருக்கும். அதனால் பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறியைப் பார்த்தே பொருத்த வேண்டும். பல சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு பின்னும் அதனதன் பிஸ்டனுடனேயே இருக்க, பிரிக்கும்போதே எண்ணிட்டு வைப்பது நல்லது.

தவறினால் தெரியும் அறிகுறி

தளர்ந்த பின், எஞ்சின் மெதுவாக ஓடும்போது கூர்மையான இரட்டைத் தட்டல் ஒலி எழுப்பும். பல சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் தீப்பொறியையும் மாற்றி மாற்றி நிறுத்திக் கேட்டால், ஒலி மாறுகின்ற சிலிண்டரில் பழுது இருப்பதை அறியலாம். மாறாக, அளவுக்கு மீறி இறுக்கமாக உள்ள பின் தட்டல் ஒலி தராது. எண்ணெய் புகாமல் சூடேறிப் புஷ்ஷோடு பற்றிக்கொள்ளும் வரை வெளியில் அறிகுறி தெரியாமலும் போகலாம். எனவே எஞ்சினை மூடுவதற்கு முன், பிஸ்டன் பின்னின் மீது தடையின்றி ஆடுகிறதா என்பதைக் கையால் அசைத்துச் சோதிப்பது இறுதிப் படியாகும்.