ஏழு மணியா, நாலரை மணியா?

ஓசூர்க்காரர் ஒருவர் காலை 10 மணிக்குப் பெங்களூரில் விமானம் ஏறுகிறார். சிங்கப்பூரில் இறங்கும்போது அங்குள்ள கடிகாரம் மாலை 5 மணி காட்டுகிறது. பயணம் ஏழு மணி நேரமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அதை 360 பாகையால் வகுத்தால், பாகைக்கு 111 கி.மீ. பூமியின் மையத்தில் இவ்விரு நகரங்களும் அமைக்கும் கோணம் சுமார் 28.6 பாகை. பெருக்குங்கள்: ஏறத்தாழ 3,175 கி.மீ.!

ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 850 கி.மீ. பறக்கும். அப்படியானால் மூன்றே முக்கால் மணி போதுமே? போதாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், கீழிறங்கவும், சற்று வளைந்த வழியில் போகவும் நேரம் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் உயரே கிழக்கிலிருந்து வீசும் பலத்த காற்றும் எதிர்க்கும். ஆகச் சுமார் நாலரை மணி. மீதி இரண்டரை மணி? சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட அவ்வளவு முன்னால் ஓடுகிறது!

இன்னொரு வேடிக்கை. ஓசூரிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் நேர்கோட்டில் 50 கி.மீ.க்குச் சற்று அதிகம். விமான வேகத்தில் நான்கே நிமிடம். பெங்களூர் நெரிசலைக் கடக்கும் பேருந்துக்கோ இரண்டு மணிக்கு மேல். ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2024 ஜூனில் அறிவித்தது. அது வந்தால் மிச்சமாகும் நேரம் வானத்தில் அல்ல, தரையில்தான்!

உங்கள் பள்ளி உலக உருண்டையில் இரு நகரங்களுக்கிடையே நூலை இழுத்துப் பிடியுங்கள். அதே நீளத்தை நிலநடுக்கோட்டில் வைத்துப் பாகைகளை எண்ணுங்கள். 111ஆல் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும்.