கண்டிப் பகுதியிற் குஞ்சு ஈனும் அலங்கார மீன் வளர்ப்பு

நாற்றுமேடையில் நெல்லை விதைத்தல் ஒரு நாள் வேலை. முளைத்த நாற்றைப் பறவையினின்றும் வெள்ளத்தினின்றும் காத்தல் பல நாள் வேலை. அலங்கார மீன் வளர்ப்பும் இத்தகையதே. கப்பி, பிளட்டி, மொலி, வாள்வால் என்னும் மீன்கள் மனிதர் உதவியின்றியே குஞ்சு ஈனும். ஈன்ற குஞ்சைக் காப்பதே தொழில். கண்டி நகரிலும், கட்டுகஸ்தோட்டை, பேராதனை, குண்டசாலை முதலிய சுற்றுப்புறங்களிலும் வயலோ மரக்கறித் தோட்டமோ செய்வோர், வீட்டு முற்றத்தில் இரண்டு மூன்று தொட்டிகள் அமைத்து இதனை உபதொழிலாக நடத்தலாம்.

மீன்களின் இயல்பு

மீன்களுட் பெரும்பாலானவை முட்டையிட்டு இனம் பெருக்குவன. மேற்கூறிய நான்கும் முட்டையை வயிற்றினுள்ளேயே வைத்து வளர்த்து, நீந்தவல்ல குஞ்சுகளாக வெளிவிடுவன. இவற்றின் தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளாகும். கப்பி தென்னமெரிக்காவின் வடபகுதிக்கும் திரினிடாட் தீவுக்கும் உரியது. 1866ஆம் ஆண்டளவில் அத்தீவிலிருந்து இம்மீனை இலண்டன் அரும்பொருட்சாலைக்கு அனுப்பிய இராபட் கப்பி என்பாரின் பெயரே இதற்கு வழங்கலாயிற்று.

ஆண்மீன் சிறியது; நிறம் மிக்கது. அதன் குதச்செட்டை சிறு கோல் போல நீண்டிருக்கும். பெண்மீன் பருத்தது, அதன் குதச்செட்டை விசிறி போல விரிந்திருக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற விகிதத்தில் விடுதல் நன்று. கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஈனும். நன்கு வளர்ந்த தாய் ஒரு முறைக்கு 20 முதல் 50 குஞ்சு வரை தரும். ஒரு முறை சேர்ந்த பெண்மீன், ஆண்மீன் அருகில் இல்லாதபோதும் அடுத்தடுத்துப் பல முறை ஈனவல்லது.

தொட்டியும் நீரும்

60 சதமமீற்றர் நீளமும், 30 சதமமீற்றர் அகலமும், 30 சதமமீற்றர் உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி 54 இலீற்றர் நீர் கொள்ளும். தொடங்குவோருக்கு இது போதுமானது. பெருக்க விரும்புவோர் சீமெந்துத் தொட்டி கட்டலாம். புதிய சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரைந்து மீனைக் கொல்லும். ஆதலால் தொட்டியில் நீர் நிரப்பி, வாழைத்தண்டுத் துண்டுகளை இட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று வாரங்கள் பலமுறை நீரை மாற்றிய பின்னரே மீன் விடுதல் வேண்டும்.

நகரக் குழாய்நீரிற் குளோரீன் கலந்திருக்கும். அந்நீரை அகன்ற பாத்திரத்தில் இரண்டு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்துக. மலைநாட்டு ஊற்றுநீர் பெரும்பாலும் மென்மையானது. இம்மீன்களோ சற்று வன்னீரை விரும்புவன. கழுவிய சிப்பியோடுகளைத் தொட்டியின் அடியில் இட்டால் இக்குறை நீங்கும். வாரம் ஒரு முறை நாலிலொரு பங்கு நீரை, அடியிலுள்ள கழிவோடு, இறப்பர்க் குழாயால் இழுத்து நீக்கிப் புதுநீர் விடுதல் வேண்டும். நீக்கிய நீரில் தாவரங்களுக்கு வேண்டிய தழைச்சத்து உண்டு. அதனைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு ஊற்றலாம்.

குளிரினின்று காத்தல்

கண்டி கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. இம்மீன்களுக்கு 24 முதல் 28 பாகை செல்சியசு வெப்பம் ஏற்றது. மார்கழி, தை மாத இரவுகளில் ஆழமில்லாத தொட்டி விரைவிற் குளிர்ந்துவிடும். அப்போது மீன் உணவை வெறுக்கும், குஞ்சு வளர்ச்சி தடைப்படும், நோயும் பற்றும். ஆகையால் நீரின் ஆழம் 30 சதமமீற்றருக்குக் குறையாதிருத்தல் நன்று. காலை வெயில் படும் இடத்திலே தொட்டியை அமைத்து, இரவிற் பலகையாலோ தென்னோலைக் கிடுகாலோ மூடி, காற்றுப் புகச் சிறிது இடைவெளி விடுக.

குஞ்சுகளைப் பிரித்தல்

இம்மீன்களுக்குத் தாய்ப்பாசம் இல்லை. ஈன்ற சிறிது நேரத்துக்குள்ளேயே தாய் தன் குஞ்சுகளை விழுங்கும். பத்துப் பெண்மீன்கள் முப்பது குஞ்சு வீதம் ஈன்றால் 300 கிடைத்தல் வேண்டும். பிரிக்கத் தவறினால் அவற்றுட் பெரும்பகுதி பெரிய மீன்களுக்கே இரையாகிவிடும்.

வயிறு சதுரமாகப் பருத்து, குதச்செட்டையின் அருகேயுள்ள கரும்புள்ளி பெரிதாகும்போது பெண்மீன் ஈனும் காலம் நெருங்கியது என அறியலாம். அதனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, நீர்ப்பாசிகளை அடர்த்தியாக இடுக. குஞ்சு மட்டும் நுழைந்து வெளியேறத்தக்க கண்களையுடைய வலைக்கூட்டில் தாயை விடுதல் இன்னும் பாதுகாப்பானது. ஈன்று முடிந்ததும் தாயை அகற்றிவிடுதல் வேண்டும்.

குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில், அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியிற் பிழிந்து, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை மிகச் சிறிதளவே இடுக. பின்னர் நீர்த்தெள்ளும் நுளம்புக் குடம்பியும் சிறந்த உணவாகும். வளர்ந்த மீனுக்குத் தவிடும் மீன் தூளும் கலந்து கொடுக்கலாம். ஐந்து நிமிடத்தில் உண்டு தீராத உணவு, அழுகி நீரைக் கெடுக்கும்.

தெரிவு செய்தல்

இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களுட் கப்பி முதன்மையானவற்றுள் ஒன்று. வாங்குவோர் ஒரே நிறமும் ஒரே அளவும் உள்ள மீனையே விரும்புவர். கப்பியின் நிறக்கூறுகளுட் சில தந்தையிடமிருந்து மகனுக்கே செல்லும் என 1920ஆம் ஆண்டில் டென்மார்க்கு அறிஞர் யொகானசு சிமிற் காட்டினார். எனவே நல்ல ஆணைத் தெரிந்தெடுத்தல் முக்கியம். குஞ்சுகள் நான்கு வாரம் ஆகுமுன் ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு தொட்டிகளிற் பிரிக்காவிடில், நிறங்கள் கலந்து இனம் கெடும். விதைநெல்லிற் கலப்பை நீக்குவது போன்றதே இதுவும்.

பூச்சிகொல்லி எச்சரிக்கை

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிகொல்லிகளுட் பல மீனுக்குக் கொடிய நஞ்சாகும். சைப்பர்மெத்திரின் போன்றவை மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். தெளிகருவியைத் தொட்டிக்கு அருகிற் கழுவலாகாது. மருந்து தெளித்த கைகளைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவாமல் தொட்டியைத் தொடலாகாது. அண்மையில் மருந்திட்ட வயலின் வாய்க்காலிலிருந்து நீரையோ, பாசியையோ, குடம்பியையோ எடுக்கலாகாது. ஒரு நாளைய கவனக்குறைவு பல மாத உழைப்பை அழித்துவிடும்.

ஓடையில் விடலாகாது

நுளம்பை ஒழிக்கும் பொருட்டுக் கப்பி முற்காலத்தில் இந்நாட்டு நீர்நிலைகளில் விடப்பட்டது. அது இன்று பல ஓடைகளிற் பரவி, நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் கவர்கின்றது. மகாவலி கங்கையின் கிளையான அம்பன் கங்கைப் பகுதியில், உலகில் வேறெங்கும் இல்லாத மீனினங்கள் வாழ்கின்றன. ஒரேயொரு சினைப்பட்ட பெண்மீன் தப்பினாலும் ஓர் ஓடை முழுதும் கப்பி பெருகலாம். ஆகவே மிகுந்த மீனை ஓடையிலோ, கண்டிக் குளத்திலோ, வயலிலோ விடாது பிற வளர்ப்போருக்குக் கொடுத்தல் வேண்டும். தொட்டியின் வடிகால் வாயை நுண்கண் வலையாற் கட்டுக.

இம்மீன் வளர்ப்பிற் பயிற்சி பெற விரும்புவோர் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தரை அணுகலாம். ஒரு தொட்டியும் ஐந்தாறு மீனும் கொண்டு தொடங்குக. ஈன்ற குஞ்சுகளுட் பெரும்பகுதியை வளர்த்தெடுக்கும் திறன் கைவந்த பின்னரே இரண்டாவது தொட்டியைக் கட்டுதல் அறிவுடைமையாகும்.